பதினேழாம் நம்பர் சருகு

பெண்களை வண்ணத்துப்பூச்சி என்று எவனாவது வர்ணித்தால், அவனை நான் வேலை பார்க்கிற வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும் பகட்டுக்காரிகள் அங்கே நிறைய உண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் அவற்றைத்தான் படம் எடுப்பார்கள். என் பொறுப்பில் இருப்பது வேறு ஜாதி. பூவை ஏறெடுத்தும் பார்க்காது. கறுத்துப்போன வாழைப்பழம், வெடித்துப் புளித்த பழங்கள், மரப்பட்டையில் வடிகிற பிசின் சாறு, இவைதான் அதற்கு விருந்து. நாள் தவறாமல் அழுகல் வாளியும் கையுமாக நான் போவதைப் பார்த்து, டிக்கெட் கொடுக்கும் பெண் எனக்கு அழுகல் அக்கா என்று பெயர் வைத்தாள். வைத்துவிட்டுப் போகட்டும், அவள் வாயை யார் மூடுவது?

கண்ணாடிக் கூடத்தின் ஒரு மூலையில் வெயில் படாத பகுதி இருக்கிறது. நெருக்கமான மரங்கள், ஈர மண், கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த இலை. அங்கேதான் என் ஜாதி குடியிருக்கிறது. வெளியே தொங்கும் பலகையில் வாயில் நுழையாத பெயர் ஒன்று எழுதியிருக்கும். நாங்கள் சருகு என்றுதான் சொல்வோம். இறக்கையை மூடி உட்கார்ந்தால் அது சருகேதான். நடுவில் இலை நரம்பு போல ஒரு கோடு, அங்கங்கே பூஞ்சை பிடித்தது போலப் புள்ளி, கீழே காம்பு மாதிரி ஒரு சின்ன நீட்டல்கூட உண்டு. விரித்தால்தான் உள்ளே ஆரஞ்சுத் திட்டும் கறுப்புக் கண்ணும் தெரியும். விரிப்பதோ அபூர்வம். பகல் முழுவதும் இலையோடு இலையாகக் கிடக்கும். மிதிக்கப் போனால் எழும்பி, நாலடி தள்ளி மறுபடி இலைக்குள் விழும். வெளிச்சம் மங்கினால்தான் பறக்கவே தோன்றும்.

இவை இந்தப் பக்கத்துப் பூச்சிகள் அல்ல. தூரத்துக் காடு ஒன்றிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த நாற்பது. வெளியே தப்பிப் பெருகிவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் கட்டுக்காவல் அதிகம். ஒவ்வொன்றின் இறக்கையிலும் பேனாவால் ஒரு நம்பர். காலையும் மாலையும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். செத்தால் உடலைக் காட்ட வேண்டும். வெளியே போக இரண்டு கதவு, நடுவில் ஒரு குட்டி அறை. உள்கதவு சாத்திய பிறகுதான் வெளிக்கதவு திறக்கும். அந்தக் குட்டி அறையில் நின்று ஒருவர் முதுகை இன்னொருவர் பார்க்க வேண்டும். நாங்கள் போடுவது வெள்ளைக் கோட்டு, பூச்சி உட்கார்ந்தால் பளிச்சென்று தெரிய.

இப்படிப்பட்ட இடத்துக்குள் போனால்தான் எனக்கு மூச்சு வருகிறது என்றால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

நாலாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு ஆள் நிற்கிற சமையலறை. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் அனுப்பிவைத்தவர். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. "நானே ஒரு நாள் போட்டுத் தர்றேன் பாரு" என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்கு மாதத்துக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்த லிப்ட் குழிக்குள்ளேயே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். அதோடு சரி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். கைப்பிடியும் கூட ஒரு ஆளும் இருந்தால் படி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. கதவுவரை வருவார், கீழே எட்டிப் பார்ப்பார், முகம் வெளுத்துத் திரும்பிவிடுவார்.

தான் இறங்க முடியாத படியில் நான் தினமும் இறங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதை அவர் இப்படிச் சொல்ல மாட்டார். "நீ எதுக்கு அந்தப் புழுப் பூச்சியெல்லாம் கட்டிட்டு அழற? வேலையை விட்டுடு" என்பார். காலையில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டின்போது ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கணக்கே இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அந்த வேலை போய்விட்டால் எனக்கு இந்த இரண்டரை அறைதான், இவர் முகம்தான், சாகும்வரை. இது அவருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மழை. குளிர் எலும்பைத் தொட்டது. காலையில் வந்ததும் என் பழுப்புச் சால்வையைக் குட்டி அறை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். கோட்டைத் தவிர மற்ற துணி வெளி அலமாரியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரச் சால்வையை அலமாரியில் திணித்தால் நாறும் என்று நினைத்தேன். அழுகல் வாளி தூக்குகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து நாற்றத்தைப் பற்றிக் கவலை. சாயங்காலம் கணக்கு எடுத்தேன், நாற்பதும் இருந்தன. டிக்கெட் பெண் என் முதுகைப் பார்த்தாள், நான் அவள் முதுகைப் பார்த்தேன். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சால்வையை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முப்பத்தொன்பது.

பதினேழாம் நம்பர் இல்லை. மூன்று தடவை எண்ணினேன். சூப்பர்வைசர் அம்மா வந்து அவரும் எண்ணினார். நல்ல மனுஷிதான், ஆனால் விதியென்றால் விதி. "வெள்ளிக்கிழமை இலாகாவுல இருந்து ஆள் வர்றாங்க. உயிரோடவோ செத்தோ அது என் கண்ணுல படணும். இல்லேன்னா கடைசியா கையெழுத்துப் போட்ட ஆளை அனுப்பிட்டுத்தான் அவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியும்" என்றார். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட ஆள் நான்.

அன்று முழுவதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டுவது. பூச்சி என்று நினைத்து எடுத்தது இலையாக இருக்கும், இலை என்று நினைத்து விட்டது பறந்து போகும், அதன் நம்பர் வேறாக இருக்கும். டிக்கெட் பெண்ணும் சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேடினாள். "அக்கா, கோழி கிளறுற மாதிரி கிளறுறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. டீயைக் கையில் கொடுத்தபோது அவர் கேட்டார்: "உங்க அந்தப் பூச்சி என்னதான் சாப்பிடும்?"

இரண்டு வருஷமாக அந்த வேலைக்குப் போகிறேன். ஒரு நாள் கேட்டதில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூ பிடிக்காது, பழம் அழுகிக் கசிய வேண்டும், சுருட்டி வைத்திருக்கிற குழலை நீட்டி அந்தக் கசிவை உறிஞ்சும், தாகம் தாங்காது, பக்கத்தில் ஈரம் இருக்க வேண்டும், காலுக்கடியில் காய்ந்த இலை இருந்தால்தான் நிம்மதியாக உட்காரும்.

"பறவை வந்து கொத்தினா?"

"இறக்கை ஓரத்துல சின்னச் சின்னதா கண்ணு மாதிரி வளையம் இருக்குங்க. பறவை அதுதான் தலைன்னு நினைச்சு அதைக் கொத்தும். ஓரம் கிழியும், இது தப்பிச்சுடும். வயசான பூச்சி எல்லாத்துக்கும் ஓரம் கந்தலாத்தான் இருக்கும்."

"கெட்டிக்காரப் பூச்சிதான்" என்றார்.

"எத்தனை தடவைதான் கிழியக் குடுக்கும்? ஓரம் தீர்ந்துட்டா?" என்றேன். நான் பூச்சியைப் பற்றித்தான் சொன்னேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் டீயை ஊதிக் குடித்தார்.

அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலை போகப் போகிற நேரத்தில் புருஷனாவது திரும்பிக் கிடைத்தானே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமையும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுது அவர் பார்த்தது குறைவு. பதினேழாம் நம்பர் காணாமல் போனதையும், நாளைக்குள் கிடைக்காவிட்டால் வேலை இல்லை என்பதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். "விடு. போனா போகுது. நான் இருக்கேன் இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே எழுந்துவிட்டேன். குளித்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு தலை சீவும்போது அந்த வாசனை வந்தது. அழுகிய வாழைப்பழம். இரண்டு நாளாகவே வந்துகொண்டிருந்ததுதான். என் மேல் எப்போதும் இருக்கிற வாசனை, அதனால் கண்டுகொள்ளவில்லை. வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் முதல் நாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடியிருப்பாள். ஆனால் அன்று என் மேல் சோப்பு வாசனைதான் இருந்தது. எங்கள் வீட்டில் பழம் அழுக வழியே இல்லை, தோலில் ஒரு புள்ளி விழுந்தாலே இவர் தூக்கிப் போடச் சொல்வார். அழுகலைப் பொறுத்தவரை என் மூக்கு பொய் சொல்லாது. அது மூன்று நாள் பழம்.

மூக்கு போன வழியே போனேன். படுக்கையறையில் அவருடைய சாமான் அலமாரி. ஸ்பேனர், கம்பி, கிரீஸ் டப்பா. நான் அதைத் தொடக் கூடாது என்பது இருபத்தாறு வருஷ ஒப்பந்தம். நடுத்தட்டில் அவருடைய பழைய யூனிபார்ம் சட்டை எதையோ மூடிக்கொண்டிருந்தது. தூக்கினேன். கீழே சாப்பாட்டை மூடுகிற வலை மூடி. அதற்குள் ஒரு சாஸரில் அழுகிய வாழைப்பழம், வட்ட வட்டமாக, அளவெடுத்து நறுக்கியது. பக்கத்தில் நனைத்த பஞ்சு. அடியில் பழுப்புக் காகிதத்தை இலை இலையாகக் கத்தரித்துப் போட்டிருந்தார். அந்த இலைகளில் ஒன்றின் மேல் பதினேழு என்று என் கையெழுத்து.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை. ஈரச் சால்வையை வாங்கி நாற்காலில போட்டேன் இல்ல, அதுல இருந்துச்சு."

"நேத்து நான் அழுதப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

"ம்."

"என் கையைத் தடவிட்டு உக்காந்திருந்தீங்களே."

அவர் போர்வை நுனியை மடித்தார், பிரித்தார். "பொய் சொல்ல மாட்டேன். நம்பரைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு, இது இல்லேன்னா உன்னை அனுப்பிடுவாங்கன்னு. அதுக்குத்தான் மூடி வச்சேன். அப்புறம் என்னவோ, பகல்ல ஒரு உயிர் கூட இருந்த மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் நீ வர்றதுக்கு முன்னாடி, வெளிச்சம் குறைஞ்சதும், உள்ளயே சுத்திச் சுத்தி வரும். பாத்துட்டே இருப்பேன்."

"வெளிய போக வழி தேடிச் சுத்துதுங்க அது."

"தெரியும்" என்றார்.

கத்தவேண்டும் போலிருந்தது. சாஸரைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் ஏழரை பஸ்ஸை விட்டால் சூப்பர்வைசருக்கு முன்னால் உள்ளே போக முடியாது. சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து ஈரத் துணி விரித்து அதை உள்ளே விட்டேன். வலையில் மோதி மோதி ஒரு பக்க ஓரம் பிய்ந்திருந்தது. கதவைத் திறந்தபோது "சாயங்காலம் வந்துடுவ இல்ல?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. டப்பாவோடு படியிறங்கினேன்.

அங்கே இன்னொரு சங்கடம். வெளியே போய்வந்த பூச்சியை மறுபடி உள்ளே விடக் கூடாது. நோய் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று குளிர்ப்பெட்டியில் வைத்து முடித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அதுவும் போகும், நானும் போவேன். சொல்லாமல் விட்டால் மற்ற முப்பத்தொன்பதுக்கும் என்னால் ஏதாவது வந்து சேரலாம். உள்கதவருகே டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திறந்தேன். அது எழும்பியது, நாலடி பறந்தது, இலைக்குள் விழுந்தது. அதற்கப்புறம் எனக்கே அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது.

"எங்க இருந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"சருகுக்குள்ளதான் மேடம்."

"அங்கதானே நாங்க எல்லாரும் தேடினோம்?"

"அது அப்படித்தான் மேடம். பக்கத்துலயே இருக்கும், தெரியாது."

அவர் சிரித்து என் தோளைத் தட்டினார். வேலை தப்பித்தது. டிக்கெட் பெண் எங்கிருந்தோ எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். குடித்தேன், ருசி தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், நாள் முழுவதும் கசந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. எங்கே போவது என்று யோசித்தேன். தங்கை வீடு இரண்டு மணி நேரம். கதவைத் திறந்ததும் "அத்தானைத் தனியா விட்டுட்டா வந்த?" என்றுதான் கேட்பாள். ஹோட்டலில் போய்த் தங்குகிறவள் இல்லை நான். கண்ணாடிக் கூடத்தில் ஆள் தங்க அனுமதியில்லை. அவருக்கு ஏழு மணிக்கு மாத்திரை, அதை எடுத்துக் கொடுக்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது. கோபம் வந்தால் கிளம்பிப் போவதற்குக்கூட ஒரு இடம் வேண்டியிருக்கிறது. நாலாவது பஸ்ஸில் ஏறினேன்.

முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாம் மாடிக்கு வந்தபோது படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான். வாக்கர் மேலே எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து பதினொரு படி வந்திருந்தார். அதற்கு மேல் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. சட்டையெல்லாம் வியர்வை.

"நாலு மணிக்கு வந்தேன்" என்றார்.

மணி ஆறரை.

"எங்க கிளம்பினீங்க?"

"நீ வரமாட்டேன்னு தோணுச்சு."

நான் அவரைத் தாண்டிக்கொண்டு மேலே போனேன். ஆமாம், போனேன். வீட்டைத் திறந்து, முகம் கழுவி, ஒரே ஒரு டம்ளர் டீ போட்டு, ஜன்னலருகே நின்று அவசரப்படாமல் குடித்தேன். இருக்கட்டும், கொஞ்ச நேரம் இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தபோது மனசுக்கு நன்றாகவே இருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வாங்கி விழுங்கினார். நான் ஒரு படி மேலேயே நின்றேன்.

"எப்படி இருந்துச்சு, இப்படி நடுவுல மாட்டிட்டு உக்காந்திருந்தது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்கு இது தினமும்தானே" என்றார்.

பதினான்கு மாதம் பக்கத்திலேயே இருந்து சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, இதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. இன்றைக்கும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

"அதுக்கு என்னையும் உள்ள போட்டு மூடணுமா?"

"வேற வழி தெரியல."

படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் பையோடு ஏறி வந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

"எந்திரிங்க" என்று கையைக் கொடுத்தேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவர் பழக்கத்தில் மேல் பக்கம் திரும்பினார். நான் அவரைக் கீழ்ப்பக்கம் திருப்பினேன்.

"என்ன பண்ற?"

"தெருவுக்குப் போறோம்."

"விழுந்துடுவேன்."

"விழுந்தா நானும்தான் விழுவேன். ஒரு கை கம்பியில, ஒரு கை என் தோள்ல. முதல்ல அடிபட்ட காலு."

அடிபட்ட கால் எது என்று அவருக்கே மறந்துவிட்டதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். என் தோளில் அவர் நகம் பதிந்தது. கீழே இன்னும் நாற்பத்தைந்து படி இருந்தது. அவர் காலைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டு, "பிடிச்சிருக்க இல்ல?" என்று கேட்டார்.